பதிவேட்டில் ஏறாத புகார்கள்

மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவக் குப்பம் ஒன்றில் கருவாடு விற்கும் அக்கா ஒருவர், சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். சி.எஸ்.ஆர். ரசீது. உப்பும் ஈரமும் பட்டு மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. நிலைய முத்திரை மட்டும் அழியவில்லை. புருஷன் அடித்துக் கை வீங்கிப்போய்ப் புகார் கொடுக்கப் போயிருக்கிறார். “ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்கம்மா, புள்ளைங்க இருக்குல்லன்னு சொல்லி இந்தச் சீட்டக் குடுத்தாங்க. கேஸு நடக்குதுன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்” என்றார்.

வழக்கு எதுவும் நடக்கவில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு, சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை, அவ்வளவுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் குற்றப் புள்ளிவிவரத் தொகுப்பில் எஃப்.ஐ.ஆர். ஆனவை மட்டுமே சேரும். அதிலும் ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், ஆகக் கடுமையான ஒன்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அக்காவின் வீங்கிய கை அந்தத் தொகுப்பின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கணவன் வீட்டுக் கொடுமை வழக்குகளில் தமிழ்நாடு அந்தத் தொகுப்பில் எப்போதும் கீழ்வரிசையில்தான் இருக்கிறது. ஆனால், 2019-21இல் வீடு வீடாகச் சென்று கேட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இந்தியச் சராசரியே 29.3 சதவீதம்தான். குறைவான வழக்குகளைக் காட்டி நம் மாநிலம் பெண்களுக்குப் பாதுகாப்பானது என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

குற்றவியல் நீதித் துறையில் ஆய்வுகள் செய்த பெரிய உதவி, எண்ணைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொடுத்ததுதான் என்பேன். பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வந்த பிறகு, பெண்களுக்கு எதிரான குற்றப் பதிவுகள் 46 சதவீதம் கூடின என்று பொருளாதார அறிஞர் லட்சுமி ஐயரும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் எழுதினார்கள். குற்றம் பெருகிவிட்டதோ என்று துருவிப் பார்த்ததில், சொல்லத் துணிந்த பெண்களும் எழுதிக்கொண்ட போலீசாரும் கூடியதே முக்கியக் காரணம் என்று தெரிந்தது. எண் ஏறியது நல்ல சேதி. ஆனால் நம் ஊரில் வழக்கு கூடினால் காவல் ஆய்வாளருக்கு மேலிடத்தில் கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து சீட்டு கொடுத்து அனுப்புகிற பழக்கம் ஊறிவிட்டது.

அனைத்து மகளிர் காவல் நிலையம் தமிழ்நாட்டின் பெருமை. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் திறக்கப்பட்டது. மாமல்லபுரத்திலும் செங்கல்பட்டிலும் இன்று உண்டு. பெண் காவலர்கள் தன்னம்பிக்கையோடு தொழிலில் ஊன்ற இந்த நிலையங்கள் வழியமைத்ததை மங்கை நடராஜன் பல்லாண்டுகள் இங்கே ஆய்ந்து 2008இல் நூலாகவே தந்தார். அதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஹரியானா நிலையங்களின் எஃப்.ஐ.ஆர்.களை அலசிய நிர்விகார் ஜஸ்ஸல், 2020இல் கசப்பான ஒன்றைச் சொன்னார்: மகளிர் நிலையம் வந்ததால் பதிவு கூடவில்லை. மற்ற நிலையங்கள் பெண்களின் புகாரைத் தட்டிக்கழித்து அங்கே அனுப்ப அது சாக்கானது; அலைச்சல் பெண்களுக்கு. போன இடத்திலும் சேர்ந்து வாழச் சொல்லும் ஆலோசனைக்கே முதலிடம். சதுரங்கப்பட்டினத்திலிருந்தோ திருக்கழுக்குன்றத்திலிருந்தோ அடிபட்ட உடம்போடு பஸ் பிடித்து மாமல்லபுரம் வருகிற பெண்ணுக்கு இதை ஆய்வறிக்கை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொள்கை வகுப்பவர்களுக்குத்தான் அது தேவை.

மத்தியப் பிரதேசத்தில் வேறு வழியைச் சோதித்தார்கள். 180 நிலையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியில் சாதாரண காவல் நிலையத்துக்குள்ளேயே மகளிர் உதவி மேசை வைத்தார்கள். 2022இல் வெளிவந்த முடிவின்படி அங்கே பதிவுகள் கூடின. பெண் அதிகாரி மேசையை நடத்திய இடங்களில் இன்னும் கூடுதலாக. எஃப்.ஐ.ஆர். மட்டுமல்ல, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் எழுதப்படும் அறிக்கைகளும் கூடின. “அவர ஜெயில்ல போடச் சொல்லல, இனிமே அடிக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொல்லணும்” என்று அக்கா என்னிடம் சொன்னார்; அதற்கான கதவு அந்தச் சட்டம்தான். அந்த அறிக்கையைக் கொண்டு நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பதிவு எண்ணிக்கையை மட்டும் உயர்த்தச் சொன்னால், பெண் விரும்பாத வழக்கைப் போட்டுக் கணக்குக் காட்டவும் ஆள் இருப்பார்கள். எனவே எதை எண்ணுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

இந்த ஆய்வுகளின் பெரிய ஓட்டை, பெரும்பாலும் நிலையத்தின் பதிவேட்டையே நம்பியிருப்பது. நம் கடற்கரையில் பல தகராறுகள் நிலைய வாசலுக்கே வருவதில்லை. குப்பத்தின் ஊர்ப் பஞ்சாயத்தைத் தாண்டி போலீசுக்குப் போனால் அபராதம் போடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. வலைக்கும் படகுக்கும் நியாயம் பேசுவதில் அந்தப் பஞ்சாயத்து திறமையானதுதான்; ஆனால் பேசி முடிவெடுக்கும் ஆண்களுக்கு நடுவே அடிபட்டவள் குரல் எவ்வளவு கேட்கும்?

ராஜஸ்தானில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் காவல்துறை அதிகாரி நீனா சிங்குடன் சேர்ந்து செய்த ஆய்வு இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. புகார்தாரர் போல ஆட்களை நிலையத்துக்கு அனுப்பி, எழுதிக்கொள்கிறார்களா, விரட்டுகிறார்களா என்று பார்த்தார்கள். பதிவேடு சொல்லாததை அது சொன்னது.

இங்கே அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சி.எஸ்.ஆர். எண்ணைப் போட்டு மனுவின் நிலையைப் பார்க்கும் வசதி தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. விவரம் கணினியில் ஏறியிருக்கிறது என்றுதானே பொருள்? பாலியல் குற்ற எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றுவதிலிருந்து 2016இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது நியாயமே. பெயரும் முகவரியும் யாருக்கும் வேண்டாம். ஒவ்வொரு நிலையத்திலும் இந்த ஆண்டு பெண்கள் கொடுத்த மனுக்கள் எத்தனை, சீட்டோடு முடிந்தவை எத்தனை, அதே பெண் இரண்டாம் முறை வந்தது எத்தனை என்ற மூன்று எண்களைச் செங்கல்பட்டு மாவட்டம் முழுவதற்கும் வெளியிட்டால் போதும். இதில் மூன்றாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சமரசம் பேசி அனுப்பியது பலித்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் அக்காவோடு செங்கல்பட்டு மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போகிறோம், பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க. அந்தச் சீட்டையும் பத்திரமாக எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.