பெயர் வராத வக்கீல்கள்

வணிக வழக்கில் வாதாடியவரின் பெயர் தீர்ப்பில் அச்சாகும். அவர் சார்ந்து நின்ற முன்தீர்ப்புகளைத் தேடியெடுத்து, அவை இன்றும் செல்லுமா என்று பார்த்துக் கொடுத்தவரின் பெயர் எங்கும் வராது. பெங்களூருவின் சட்ட நிறுவனங்களிலும் பன்னாட்டு நிறுவன மையங்களிலும் இதையே முழுத் தொழிலாகக் கொண்டு மூத்தவர்களான ஆய்வு வக்கீல்கள் இருக்கிறார்கள். இந்தத் தொழிலின் அருமையை ஒரு உதாரணம் சொல்லிவிடும். உரிய முத்திரைக் கட்டணம் செலுத்தாத ஒப்பந்தத்தில் உள்ள நடுவர் மன்றப் பிரிவு செல்லாது என்று 2023 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 3:2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அது சரிசெய்யக்கூடிய குறைதான் என்று டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் அதை மாற்றினார்கள். மே மாதத்தில் சரியாக இருந்த ஆய்வுக் குறிப்பு, ஆண்டுக் கடைசியில் கட்சிக்காரரைக் கவிழ்த்திருக்கும். அந்த 3:2 பிளவைப் பார்த்ததுமே, இது நிலைக்காமல் போகலாம் என்று ஓரத்தில் எழுதிவைப்பவரைத்தான் மூத்தவர் என்பேன்.

இவ்வளவு பொறுப்புள்ள வேலைக்குத் தொழில் விதிகள் தரும் இடம் நியாயமானதாக இல்லை. முழுநேரச் சம்பளத்துக்குப் போகும் வக்கீல் அதைத் தெரிவித்துவிட்டுத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும் என்கிறது பார் கவுன்சிலின் 49ஆம் விதி. ஆனால் வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏ.கே. பாலாஜி தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், 2018இல் வந்த தீர்ப்பு, சட்டக் கருத்துரை தருவதும் ஆவணம் வரைவதும்கூட வக்கீல் தொழிலே என்று ஏற்றது. வெளிநாட்டு நிறுவனம் செய்தால் தொழில், உள்ளூர் வக்கீல் சம்பளத்துக்குச் செய்தால் தொழில் இல்லை என்பது எப்படிப் பொருந்தும்? சம்பளம் வாங்குபவரின் சுதந்திரம் போய்விடும் என்ற அச்சம் பொய்யல்ல. முதலாளி விரும்பும் விடையை நோக்கிக் குறிப்பு சாயத்தான் செய்யும். வக்கீல் உரிமமான சன்னதை நிறுத்திவைப்பதால் அந்தச் சாய்வு நிமிராது. சாய்ந்தவரைக் கேள்வி கேட்கும் வழிதான் மங்கும். 2025 மே மாதம், சிவில் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு அனுபவத்தைக் கட்டாயமாக்கியபோது, நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலத்தையும் உச்ச நீதிமன்றம் சேர்த்துக்கொண்டது. அந்த எழுத்தர்களும் சம்பளத்துக்கு ஆய்வு செய்தவர்களே.

தேடும் வேலையை இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்குப் பெங்களூருவிலேயே பதில் இருக்கிறது. 2024 டிசம்பரில் இங்குள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஒரு உத்தரவு, இல்லாத தீர்ப்புகளைக் காட்டியிருந்ததால் விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. உச்ச நீதிமன்றம் வழங்கவே வழங்காத தீர்ப்புகளைச் சார்ந்து ஒரு வழக்கில் உத்தரவிட்ட நகர சிவில் நீதிபதி மீது மேல் நடவடிக்கை வேண்டும் என்று 2025 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. பிழை எங்கிருந்து வந்தாலும், மூலத் தீர்ப்பைத் திறந்து பார்க்க ஒருவர் இருந்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும். கையெழுத்திடும் வக்கீலே பொறுப்பு என்ற பழைய ஏற்பாடு போதும் என்பார்கள். விசாரணைக்கு முந்தைய மாலையில் கைக்கு வரும் ஆவணக் கட்டை அவர் வரிவரியாகச் சரிபார்க்க முடியாது. எழுதியவரின் பெயரும், எந்தத் தேதி வரையிலான தீர்ப்புகளைப் பார்த்தார் என்பதும் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்பவரின் ஆண்டுகளைத் தொழில் அனுபவமாக பார் கவுன்சில் ஏற்க வேண்டும்.