காகிதத்தில் ஒரு ட்வின் பயனியர்: எப்படி ரசிப்பது?

ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் தமிழ்ப்பள்ளிக் கண்காட்சி என்றால் மணிலா அட்டை இல்லாமல் இராது. அதே அட்டையையும் ஒரு கத்தரியையும் பசையையும் கொண்டு, அளவு பிசகாத விமானம் ஒன்றைச் செய்துவிட முடியும். அப்படி ஒன்று மேசையில் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறோம். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் அந்த மேசையிலேயே வெகுநேரம் நிற்போம். காகித விமானத்தை ரசிப்பதற்கு ஒரே வழிதான்: விமானம் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, காகிதம் அந்த வடிவுக்கு எப்படி இணங்கியது என்று பார்ப்பது.

பழகிப் பார்க்க நம் நாட்டு விமானம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1958 ஜூன் 1 அன்று பிறந்த நம் மலேசிய ஆகாயப் படையின் முதல் விமானம் ஸ்காட்லாந்தில் செய்யப்பட்ட ட்வின் பயனியர். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு ‘லாங் ராஜாவாலி’ என்று பெயர் சூட்டினார். அதற்கு ஈராண்டுக்கு முன், 1956 பிப்ரவரி 20 அன்று, இதே துங்கு லண்டனில் சுதந்திரப் பேச்சுவார்த்தை முடிந்து மலாக்காவின் பத்து பெரெண்டாமில் விமானத்திலிருந்து இறங்கி, பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திர நாளை அறிவித்தார். மலாக்காக்காரர்களுக்கு அந்தக் கால விமானங்களின் மேல் ஓர் உரிமை உண்டு.

முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ட்வின் பயனியர் முதன்முதலாகப் பறந்தது 1955 ஜூனில். மொத்தம் செய்ததே 87. முதல் பார்வையில் விநோதமாகத் தெரியும். உடல் மேல் அகலமாக உட்கார்ந்த இறக்கை, மடங்காத சக்கரக் கால்கள், வாலில் ஒன்றுக்கு மூன்று துடுப்புகள். இவற்றில் ஒன்றுகூட அழகுக்காக வைத்ததில்லை.

1948 முதல் 1960 வரை மலாயாவில் நீடித்த அவசரகாலத்தில், தோட்ட மக்கள் வேலிக்குள்ளும் ஊரடங்குக்குள்ளும் வாழ்ந்தபோது, உட்காட்டில் ஃபோர்ட் புரூக், ஃபோர்ட் கெமார் போன்ற கோட்டைகளுக்கு வானம்தான் வழி. காட்டை வெட்டிப் போட்ட குட்டை ஓடுபாதையில் ஒற்றை எஞ்சின் பயனியர் இறங்கி ஏறியது. அதன் பெரிய தம்பிதான் இந்த இரட்டை எஞ்சின் விமானம். 275 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள கரடுமுரடான நிலம் இதற்குப் போதும். அவ்வளவு சிறிய இடத்தில் இறங்க மிக மெதுவாகப் பறக்க வேண்டும். மெதுவாகப் பறக்கும்போது சுக்கானுக்குக் காற்றின் பிடி குறைந்துவிடும். அதை ஈடுகட்டவே வாலில் அத்தனை பரப்பு. கல்லும் புல்லும் விசிறியில் படாமலிருக்க இறக்கை உயரத்தில் இருக்கிறது.

மூக்கையும் எஞ்சின் வாயையும் பாருங்கள்

காகிதம் ஒரு திசையில்தான் வளையும். குழாயாகும், கூம்பாகும், உருண்டையாகாது. ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் வைத்து அழுத்தினால் கிழிகிறதே, அதே சிக்கல்தான் தலைகீழாக இங்கே. ட்வின் பயனியரின் நீண்ட உடல் காகிதத்துக்குச் சுலபம். ஒன்பது சிலிண்டர் எஞ்சினை மூடும் கவசத்தின் உருண்ட வாயும் விமானத்தின் மூக்கும்தான் செய்பவரைச் சோதிக்கும் இடங்கள். கைதேர்ந்தவர் அந்த இடத்தைச் சிறு வளையங்களாகவோ இதழ்களாகவோ பிரித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டியிருப்பார். வளையங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கண் தடுக்காமல் வழுக்கிப் போனால் அது பெரிய வேலை.

நேர் முன்னும் நேர் பின்னும் நில்லுங்கள்

பக்கவாட்டில் எல்லா மாதிரியும் அழகுதான். குறை நிறை தெரிவது முன்னும் பின்னும். கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்குங்கள். இரண்டு இறக்கை நுனிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? மூன்று வால் துடுப்புகளும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா? ஒன்று சாய்ந்தாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். அதனாலேயே இந்த விமானத்தைத் தேர்ந்தெடுப்பவரின் துணிச்சலைப் பாராட்ட வேண்டும்.

தாங்குகம்பியில் நின்று பாருங்கள்

உடலின் அடியிலிருந்து இறக்கைக்கு ஏறும் தாங்குகம்பிகள் பார்வைக்குச் சிறியவை. இவற்றுக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. இந்த விமானத்தை உருவாக்கிய ஸ்காட்டிஷ் ஏவியேஷன் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் டேவிட் மெக்கின்டயர். 1933இல் எவரெஸ்டுக்கு மேல் முதன்முதலாகப் பறந்த விமானிகளில் அவரும் ஒருவர். 1957 டிசம்பரில், லிபியாவில், ட்வின் பயனியரின் தாங்குகம்பி உலோகச் சோர்வால் முறிந்து இறக்கை பிரிந்ததில் அவர் இறந்தார். இதைத் தெரிந்தபின் மாதிரியில் அந்தக் கம்பி வளையாமல், இறுக்கமாக, சரியான இடத்தில் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். காகிதத்தை ஊசி மேல் சுருட்டி இவ்வளவு நேரான கம்பியாக்குவது எளிதல்ல.

ஓரங்களைத் தேடுங்கள்

வெட்டிய காகிதத்தின் ஓரம் வெள்ளையாகத் தெரியும். நல்ல கைவினைஞர் ஒட்டுமுன் ஒவ்வோர் ஓரத்துக்கும் உடலின் நிறத்தையே தீட்டிவிடுவார். கனமும் கவனிக்க வேண்டியது. நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 23.3 மீட்டர், நூறில் ஒரு பங்கு மாதிரியில் 23.3 சென்டிமீட்டர். அந்த அளவில் 0.2 மில்லிமீட்டர் அட்டை, நிஜத்தில் 2 சென்டிமீட்டர் தடிப்பான தகடாகிவிடும். ஆகவே இறக்கையின் பின்விளிம்பு கத்திபோல் மெலிந்திருந்தால், உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார் என்று பொருள். விரலால் தொடாமல், வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பாருங்கள்.

மலாக்காவின் ஈரத்தை வென்றதா?

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். காகிதம் ஈரத்தைக் குடித்து உப்பும்; தண்ணீர் கலந்த பசை அதற்கு மேலும் உதவும். உள்ளே அட்டை விலா எலும்புகள் நெருக்கமாக இல்லையென்றால் சில மாதங்களில் உடலில் பள்ளம் விழும், இறக்கை முறுக்கிக்கொள்ளும். காகித இழை ஓடும் திசையறிந்து சுருட்டி, பசையைக் குறைத்து, மேலே வார்னிஷ் பூசிய மாதிரிதான் இங்கே நிலைக்கும். ஆகவே செய்து முடித்த அன்று மட்டும் பார்க்காமல், ஒரு மழைக்காலம் கழித்தும் போய்ப் பாருங்கள். அப்போதும் நேராக நிற்கும் மாதிரிக்குக் கூடுதல் மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளியில் காகித விமானம் ஒன்றைக் கண்டால், செய்த மாணவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஏன் இந்த விமானம்? எந்தப் பாகம் மிகவும் படுத்தியது? அதை எப்படிச் சமாளித்தாய்? விலை கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடையாது. சில ரிங்கிட் அட்டையில் நாட்டின் வரலாற்றையும் வடிவக் கணிதத்தையும் பொறுமையையும் ஒன்றாகச் சேர்த்த பிள்ளை, நம் முழுக் கவனத்துக்கும் தகுதியானது. அதைக் கொடுங்கள்.