குடத்தில் இடும் ஓலை

சென்ற ஐப்பசி மாதம் கீழ்வேளூருக்குப் போயிருந்தேன். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் ரயில் பாதையில் இருக்கும் ஊர் அது. கேடிலியப்பர் கோயில் மாடக்கோயில். யானை ஏற முடியாதபடி கோச்செங்கட் சோழன் கட்டியது என்பது ஐதிகம். யானை ஏற முடியாவிட்டாலும் சிபாரிசு ஏறி வந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தரிசனம் முடித்துப் படியிறங்குவதற்குள் ஒருவர் டைப் அடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். அந்தப் பக்கத்துப் பிரமுகர் ஒருவரை ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் நியமிக்க வேண்டும் என்று கோரும் விண்ணப்பம் அது. கீழே முப்பது நாற்பது கையெழுத்துக்கள். எழுத்தாளன் கையெழுத்தும் ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். போட்டுவிட்டேன்.

இரவு என் பழைய வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பெருமையாகவே சொன்னேன். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். கண் மங்கினாலும் காது கூர்மை.

"எதைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டே?" என்று கேட்டார்.

"அவர் நல்ல மனுஷர் ஸார். கும்பாபிஷேகத்துக்கு நிறையச் செஞ்சிருக்காராம்."

"செஞ்சிருக்கட்டும். இது பல்கலைக்கழகம்ப்பா. அங்கே வாத்தியாரை வேலைக்கு வைக்கணும், காலேஜுக்கு அங்கீகாரம் கொடுக்கணும், கணக்குப் பார்க்கணும். அந்த மனுஷன் அதையெல்லாம் எப்படிச் செய்வான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. கதையில் ஒரு பாத்திரத்தை இவ்வளவு அலட்சியமாக நான் அறிமுகம் செய்தால் நேயர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஆனால், ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் படிப்பை ஆளப்போகிற ஒருவருக்கு, அதே அலட்சியத்தோடு கையெழுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் இரண்டு எழுத்துக்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை: பொதுக் காரியத்தை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பது. ஒன்று உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் சோழர் காலத்துக் கல்வெட்டு. மற்றொன்று 1981ல் இயற்றப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகச் சட்டம். இரண்டையும் சட்டமாகப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை, வசனமாகப் பார்க்கலாம். மனித சுபாவத்தை யார் நன்றாக அறிந்து எழுதியிருக்கிறார்கள் என்று கேட்பது நாவலாசிரியனுக்கு உரிய வேலைதானே?

முதலில் கல்லைப் பார்ப்போம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919ல், உத்திரமேரூர்ச் சபை ஒரு விதி செய்தது. அது போதவில்லை என்று கண்டு 921ல் திருத்தி, இன்னும் விரிவாக எழுதினார்கள். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். குடத்துக்குள் போகும் முன்பே சல்லடை ஆரம்பித்துவிடுகிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவன் கூடாது.

இதுவரை சாதாரண விதிதான். அடுத்துவரும் பகுதிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் தள்ளுபடி. அவன் மட்டுமல்ல, அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன் என்று உறவு உறவாக எண்ணி எல்லோரும் தள்ளுபடி. நம் கல்யாணப் பத்திரிகைகளில் கூட இவ்வளவு சொந்தம் அச்சாவதில்லை! பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் இடமில்லை. இதை எழுதியவருக்கு ஊர் தெரிந்திருக்கிறது. திருடியவன் தானே மறுபடி வந்து நிற்கமாட்டான், மைத்துனனை அனுப்புவான் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு குடவோலைக் காட்சி. சிறுவர் முதல் பெரியோர் வரை சபை முழுவதும் கூட வேண்டும். கோயில் நம்பிமார்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ளும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து, திறந்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். ஏன் ஐந்து விரலையும் விரிக்க வேண்டும்? விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடும்! மத்தியஸ்தர் யோக்கியர்தாம், ஆனாலும் விரலை விரிக்கட்டும் என்கிறது கல். யாரையும் அவமதிக்காமல் எல்லோரையும் சந்தேகிக்கும் இந்த நாகரிகத்தை நான் வேறெந்த வசனத்திலும் கண்டதில்லை.

இனி 1981ஆம் வருஷத்துச் சட்டம். ஆட்சிக்குழு முதலிய அமைப்புகளில் உறுப்பினராக யாருக்குத் தகுதியில்லை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. சட்டம் எழுதப்பட்டபோது அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் யார் தெரியுமா? புத்தி சுவாதீனம் இல்லாதவர், காது கேளாத வாய் பேசாதவர், தொழுநோயாளி, திவாலானவர், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குச் சிறைத் தண்டனை பெற்றவர். காது கேளாத ஒரு பேராசிரியர் பல்கலைக்கழகத்துக்கு என்ன தீங்கு செய்துவிட முடியும்? தீங்கு செய்யக் கூடியவருக்குக் காது நன்றாகவே கேட்கும். யார் எந்த அறையில் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் கேட்கும். கணக்குக் காட்டாதவனைத் தள்ளிய பட்டியல் எங்கே, நோயாளியைத் தள்ளிய பட்டியல் எங்கே! முன்னது நடத்தையைப் பார்க்கிறது. பின்னது உடம்பைப் பார்க்கிறது.

ஆனால், கல்லைக் கொண்டாடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் நான் விமர்சகன் அல்ல, கட்டியக்காரன். உத்திரமேரூர்ச் சபை பிராமணர் சபை. நிலமில்லாதவன் பெயர் ஓலையிலேயே ஏறாது. பெண் பெயரும் ஏறாது. நிலம் உள்ளவன் பொறுப்புள்ளவன் என்ற எண்ணம் அந்தக் கல்லின் அடியில் கிடக்கிறது. அந்த எண்ணம் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் நான் வெகுதூரம் போகவேண்டாம். கீழ்வெண்மணி இந்தக் கீழ்வேளூர்த் தாலுகாவில்தான் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்து நான்கு பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். 1973ல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலச்சுவான்தார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்துப்பட அத்தீர்ப்பில் எழுதப்பட்டது. கால் வேலியை யோக்கியதைக்கு அளவுகோலாக வைத்த புத்திதான் அங்கே காரையும் அளவுகோலாக வைத்தது. ஆகவே கல்லிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அதன் கேள்விகளை. அதன் வேலியை அல்ல.

நம் காலத்துச் சண்டையெல்லாம் வேறிடத்தில் நடக்கிறது. 1904ஆம் வருஷத்துச் சட்டப்படி சென்னைப் பல்கலைக்கழக செனட்டில் பெரும்பாலோர் வேந்தரால், அதாவது கவர்னரால், நியமிக்கப்பட்டார்கள். 1923ல் புதுச் சட்டம் வந்து தேர்தலுக்கு இடம் விரிந்தது. நியமிப்பவர் கவர்னரா மந்திரிசபையா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. துணைவேந்தர் நியமனத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் சட்டசபையில் நிறைவேறி, கவர்னரிடம் தங்கி, மறுபடி நிறைவேறின. 2025 ஏப்ரல் 8ல் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட்டு. மே 21ல் நியமனம் பற்றிய பகுதிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20ல், அப்படி ஒப்புதல் கிடைத்ததாக நீதிமன்றம் கொள்ள முடியாது என்று அரசியல் சாசன அமர்வு கருத்துத் தெரிவித்தது. குடத்தைத் தூக்குவது யார் கை என்பது முக்கியமான கேள்விதான், நான் மறுக்கவில்லை. ஆனால், ஓலையில் இருக்கும் பெயரை யார் சலித்துப் பார்த்தார்கள் என்ற கேள்வியை அந்த ஆரவாரத்தில் யாரும் கேட்பதாகக் காணோம். 2018 ஜூனில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது எழுந்தது இந்தக் கேள்விதான். தேர்வுக் குழு கூடியது. சரியாகச் சலித்துப் பார்த்ததா என்பதே வழக்கு.

அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலைக்கு இருபத்தாறு பேர் கொண்ட ஆட்சிக்குழு உண்டு. அதில் பதினெட்டுப் பேரை அந்த மாநில கவர்னர் நியமிக்கிறார். பதவிக்காலம் பன்னிரண்டு வருஷம். ஆனால் மாநில செனட் அவர்களை உறுதி செய்ய வேண்டும். நியமிப்பது ஒரு கை, சலிப்பது வேறு கை. அங்கும் பணமும் சிநேகமும் ஆட்சிக்குழுவுக்குள் போகாமல் இல்லை. ஆனாலும் நாலு பேர் முன்னிலையில் விரலை விரித்துக் காட்ட ஒரு சந்தர்ப்பமாவது இருக்கிறது. நம்மிடம் நியமன உத்தரவு வந்த பிறகு மாலை போடும் சந்தர்ப்பம் மட்டுமே இருக்கிறது.

இவ்வளவும் படித்த பிறகு, நான் கையெழுத்துப் போட்ட அந்தப் பிரமுகருக்குக் கடிதம் எழுதினேன். மூன்றே கேள்விகள். இதற்கு முன் எந்தப் பொதுப் பணத்துக்குப் பொறுப்பாக இருந்தீர்கள், அதன் கணக்கு எங்கே பார்க்கக் கிடைக்கும்? உங்கள் உறவினர் யாருக்காவது அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலையோ, வியாபாரமோ, அதன் கீழ் கல்லூரியோ உண்டா? ஆட்சிக்குழுக் கூட்டத்தில் உங்களுக்கு வேண்டியவர் காரியம் வந்தால் எழுந்து வெளியே போவீர்களா?

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். பத்தாம் நாள் பதில் வந்தது, சொந்தக் கையெழுத்தில். கோயில் திருப்பணிக் கணக்கைத் தம் வீட்டில் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். மைத்துனருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு கல்லூரி உண்டு என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். மூன்றாவது கேள்விக்கு, "யோசிக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "இதையெல்லாம் என்னிடம் கேட்டது தாங்கள் ஒருவர்தான்."

அந்த வரியைப் படித்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனுஷர் பொய்யர் அல்ல. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டோம், ஒருவரும் கேட்கவில்லை. நானும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்டேன்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை என் கையெழுத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவருக்கும், விண்ணப்பம் போன இடத்துக்கும் எழுதிவிட்டேன். வாத்தியாருக்கும் ஒரு கார்டு போட்டேன். அவர் பேரனை விட்டுப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறார்: "இப்பதான் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கே."