முட்டிக்குள் வைக்கும் திருகும் பட்டனும்

பேராவின் ரப்பர் தோட்டங்களில் புகைபோட்ட சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்ணாலேயே தரம் பிரித்தார்கள். 1965இல் எஸ்எம்ஆர் என்ற ரப்பர் தர முறை வந்தபின் அழுக்கும் சாம்பலும் சோதனைச்சாலையில் அளக்கப்பட்டன. அதுபோலவே முட்டி ஜவ்வு அறுவைச் சிகிச்சையில் பொருத்தும் திருகும் பட்டனும் அளந்து பார்த்த பிறகுதான் சந்தைக்கு வருகின்றன. ஆனாலும் புதிதாக வந்தது என்பதையே தரமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தவறு என்பதே என் கட்சி.

கிழிந்த முன் சிலுவை ஜவ்வுக்குப் பதிலாக, பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த நாரைத் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டுக் கோக்கிறார்கள். அதை நிறுத்திப் பிடிப்பதில் இரண்டு மரபுகள் முக்கியமானவை. ஒன்று, துளைக்குள்ளேயே திருகை முறுக்கி நாரை எலும்போடு நெருக்குவது. மற்றொன்று 1990களில் பரவியது: மடித்த நாரை வளையத்தில் மாட்டி, எலும்பின் வெளிப்புறத்தில் குறுக்காக நிற்கும் சிறு உலோகப் பட்டனில் தொங்கவிடுவது. பொருத்திய புதிதில் பலவீனமான இடம் நார் அல்ல, பிடிமானமே என்று ஆய்வாளர் குரோசகாவின் குழுவினர் 1987இல் காட்டினார்கள். அவர்கள் சோதித்தவற்றில் 9 மில்லிமீட்டர் திருகே அதிகம் தாங்கியது. எலும்பு மென்மையாக உள்ள கீழ்க்கால் பக்கம்தான் இன்றும் கவலைக்குரியது.

ஆனால் நாரைப் பிடித்துவைக்கும் இந்தக் காவல் எத்தனை நாளைக்கு? நாய்களில் நடந்த 1993ஆம் ஆண்டு ஆய்வில், நார் எலும்போடு உறுதியாகப் பிணைய ஏறத்தாழ 12 வாரம் ஆனது. எலும்புத் துண்டோடு எடுத்த நார் அதற்கும் முன்பே ஒட்டிவிடும். அதன்பின் கருவிக்குப் பெரிய வேலையில்லை. அப்படியானால் கரைந்துபோகும் திருகுதானே சிறந்தது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, உலோகம் எம்ஆர்ஐ படத்தைக் கெடுக்கும், மறு அறுவையில் குறுக்கே நிற்கும். ஆனால் கரையும் திருகு முறுக்கும்போதே உடைவதுண்டு, அதைச் சுற்றி நீர்க்கட்டி வருவதுண்டு, அது கரைந்த இடத்தை எலும்பு எப்போதும் நிரப்புவதில்லை. முட்டியின் செயல்பாட்டில் உலோகத்தைவிட அது தெளிவாக மேல் என்றும் ஆய்வுகள் நிறுவவில்லை. மலேசியாவின் மருத்துவச் சாதன விதிகளும் உடலில் நெடுநாள் இருக்கும் சாதனங்களைப் பொதுவாக சி பிரிவிலும், முழுவதும் கரைபவற்றை அதைவிட அபாயம் கூடிய டி பிரிவிலும் வைக்கின்றன. பட்டன் சோதனைமேசையில் நன்றாகவே தாங்குகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அது மூட்டிலிருந்து தள்ளி நிற்பதால் நார் துளைக்குள் அசைந்து, துளை அகலக்கூடும். அந்த அகலத்தால் முட்டி தளர்கிறது என்பதும் உறுதியாகவில்லை. அதனால் பட்டனை ஒதுக்கவும் நான் சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் தாங்குமா, மறு அறுவை வந்தால் வழிவிடுமா, அறுவை செய்பவரின் கைக்குப் பழகியதா என்ற மூன்றையும் பார்த்த பிறகே புதுமைக்கு இடம்.

ஈப்போ பொது மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், கபடியிலோ பந்தாட்டத்திலோ முட்டியைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளின் பெற்றோரே, உள்ளே வைத்த சாதனத்தின் வகை, அளவு, தயாரிப்பு எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். மறு அறுவை செய்யும் மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான்.