ஓப்பன்ரெஸ்டி ஸ்ட்ரீம் லுவா: எதற்கு ஏற்றது, எதற்கு ஆகாது

என்ஜின்எக்ஸ் 2004இல் பொதுவில் வெளியானபோது அது ஒரு வெப் சர்வர். 2015இல் 1.9.0 பதிப்பில் ஸ்ட்ரீம் தொகுதி சேர்ந்த பிறகு, எச்டிடிபி அல்லாத டிசிபி இணைப்புகளையும் வாங்கிப் பின்னாலுள்ள சர்வருக்கு அனுப்பத் தொடங்கியது. அடுத்த ஆண்டு யுடிபியும் சேர்ந்தது. ஆனால் வந்த இணைப்பு என்ன கேட்கிறது என்று பார்த்து முடிவெடுக்க கான்ஃபிக் கோப்பு மட்டும் போதாது. டிஎல்எஸ் இணைப்பில் சர்வர் பெயரைப் படிக்கலாம், ஐபி முகவரியை வைத்துத் தடுக்கலாம், அதற்குமேல் அதிகம் முடியாது. இந்தக் குறையைத்தான், என்ஜின்எக்ஸுக்குள் லுவா மொழி நிரலை ஓடவிடும் ஓப்பன்ரெஸ்டியின் ஸ்ட்ரீம் லுவா தீர்க்கிறது. இணைப்பின் தொடக்கத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளுக்கு இது மிக நல்ல கருவி. இதிலேயே முழு சர்வரை எழுதிவிடலாம் என்ற ஆசையும் கூடவே வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

எம்க்யூடிடியை எடுத்துக்கொள்வோம். சென்சார்களும் மீட்டர்களும் பேசும் இந்த நெறிமுறையில் கிளையன்ட்தான் முதலில் பேசும். அது அனுப்பும் முதல் பாக்கெட்டிலேயே கிளையன்ட் ஐடி இருக்கிறது. பின்னாலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும் முன் வரும் பிரிரீட் கட்டத்தில் ஓடும் லுவா நிரல் அந்த பைட்டுகளை எடுத்துவிடாமல் எட்டிப் பார்க்கலாம். ரெடிஸில் அந்த ஐடியைத் தேடி, பின்னாலுள்ள எந்த எம்க்யூடிடி சர்வருக்கு (புரோக்கருக்கு) அனுப்புவது என்று தீர்மானிக்கலாம். பார்த்த பைட்டுகள் அப்படியே புரோக்கரைச் சேரும். நடுவில் ஒருவர் படித்தது அதற்குத் தெரியாது. ரெடிஸ் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நிரலை ஓட்டும் என்ஜின்எக்ஸ் வொர்க்கர் மற்ற இணைப்புகளைக் கவனிக்கும். ரெடிஸோடு பேச நிரல் பயன்படுத்தும் கோசாக்கெட்டின் சிறப்பே இதுதான்: கால்பேக் சிக்கல் இல்லாமல் மேலிருந்து கீழாக எழுதுகிறோம், ஆனால் எதுவும் முடங்குவதில்லை. சர்வரைத் தேர்ந்தெடுக்கும் பேலன்சர் கட்டத்தில் மட்டும் இப்படிக் காத்திருக்க முடியாது. அங்கே ஹோஸ்ட் பெயரும் செல்லாது, ஐபி முகவரிதான் தர வேண்டும். எனவே தேடல் வேலை முழுவதையும் முன்கூட்டியே பிரிரீட்டில் முடித்துவிட வேண்டும்.

இதே உத்தியை மைஎஸ்கியூஎல் முன்னால் வைத்தால் அசையாது. அங்கே சர்வர்தான் முதலில் பேசும். நம் நிரல் கிளையன்ட்டின் பைட்டுக்காகக் காத்திருக்கும், கிளையன்ட்டோ சர்வரின் வரவேற்புக்காகக் காத்திருக்கும். டைம்அவுட் வரை இருவரும் ஊமை. வரவேற்பை நாமே லுவாவில் அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம். ஆனால் அந்த வரவேற்பில் ஒரு தற்செயல் மதிப்பு உண்டு. அதோடு கடவுச்சொல்லைக் கலந்துதான் கிளையன்ட் பதில் தரும். நாம் அனுப்பிய மதிப்புக்கு வந்த பதிலை உண்மையான சர்வர் ஏற்காது. ஆகவே அங்கீகாரத்தையும் நாமே செய்ய வேண்டும். இப்படித்தான் சிறிய ஸ்கிரிப்ட் அரைகுறை டேட்டாபேஸ் சர்வராக வளர்கிறது.

‘லுவா வசதி ஹெச்ஏபிராக்ஸியிலும் 2015 முதல் இருக்கிறதே’ என்பார்கள். அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் இதற்காக மாற வேண்டியதில்லை. ‘கோ மொழியில் தனி புராக்ஸி எழுதலாமே’ என்பது வலுவான வாதம். நெறிமுறையை முழுதாகக் கையாள வேண்டுமென்றால் அதுவே சரி. ஆனால் வழி காட்டுவது மட்டும் தேவையென்றால், டிஎல்எஸ், இணைப்பு வரம்பு, லாக் என்று என்ஜின்எக்ஸ் ஆயத்தமாகத் தருவதையெல்லாம் கோ மொழியில் நாமே கோத்துப் பராமரிக்க வேண்டும்.

குறைகள் உண்டு; அவற்றில் என்னை அதிகம் உறுத்துவது, எச்டிடிபி பக்கமும் ஸ்ட்ரீம் பக்கமும் தனித்தனி உலகமாக இருப்பதுதான். ஒன்றின் பகிர்வு நினைவகத்தை மற்றது நேரடியாகப் படிக்க முடியாது. எச்டிடிபி ஏபிஐ வழியாக ஒரு ஐடியைத் தடுத்தால், அது ஸ்ட்ரீமுக்குத் தெரிய ரெடிஸோ உள் சாக்கெட்டோ வேண்டும். அடுத்தது கான்ஃபிக் ரீலோட். எம்க்யூடிடி இணைப்புகள் நாள்கணக்கில் நீடிக்கக்கூடியவை. ரீலோடில் புதிய வொர்க்கர்கள் வந்த பிறகும், பழைய வொர்க்கர்கள் அந்த இணைப்புகள் முடியும்வரை நினைவகத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வொர்க்கர் நிறுத்த டைம்அவுட்டை நாம்தான் வைக்க வேண்டும். வழக்கமான லுவாசாக்கெட் நூலகத்தையோ ஷெல் கட்டளையையோ நிரலில் நுழைத்தால், அந்த வொர்க்கரின் எல்லா இணைப்புகளும் நின்றுவிடும். இதைப் பற்றி எந்த எச்சரிக்கையும் வராது.

ஓப்பன்ரெஸ்டி ஏற்கெனவே ஓடும் இடத்தில், கிளையன்ட் முதலில் பேசும் நெறிமுறைக்கு, தாராளமாக இதைப் பயன்படுத்துங்கள். இணைப்பின் முதல் பாக்கெட்டைத் தாண்டியும் நிரல் படிக்க வேண்டியிருந்தால் தனி சர்வர் எழுதுங்கள்.