இஞ்சி இடுப்பும் என் அக்காவும்

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து அக்கா வந்திருந்தாள். அரிசிம்பருப்பு சாதம், நெய், அப்பளம். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். 'இஞ்சி இடுப்பழகி' ஓடிக்கொண்டிருந்தது.

2015 நவம்பரில் வந்த படம். தெலுங்கில் 'சைஸ் ஜீரோ'. அனுஷ்கா குண்டுப் பெண்ணாக நடித்தார். மேக்கப் மேன் கட்டிவிடும் தலையணையை நம்பாமல், நிஜமாகவே இருபது கிலோ அளவுக்கு எடை கூட்டிக்கொண்டு நடித்தார் என்பது அப்போது பெரிய செய்தி. மகளுக்கு மாப்பிள்ளை தேடி அலைகிற அம்மா ஊர்வசி, 'சட்டுனு இளைக்கலாம்' என்று வலை விரிக்கிற கிளினிக் முதலாளி பிரகாஷ்ராஜ்... தெரிந்த கதைதான்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். பாதியில் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். சமையல்கட்டில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"ஏங் கண்ணு, அந்தப் புள்ளைய ஒரு நல்ல டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போலாம்னு யாருக்குமே தோணாதா?"

ஒரு விமர்சகனும் கேட்காத கேள்வி. நானும் கேட்கவில்லை.

படத்தை முழுசாகத் திட்ட மனசு வரவில்லை. தமிழ் சினிமாவில் குண்டாக இருந்தால் பெயருக்கு முன்னால் 'குண்டு' என்று ஒட்டி, காமெடி டிராக்கில் தள்ளிவிடுவதுதான் வழக்கம். நாற்காலி உடையும், ஆட்டோ சாயும், தியேட்டர் சிரிக்கும். அந்த உடம்பைக் கதாநாயகியாக்கிக் கேமராவுக்கு நேரே நிறுத்தியதே பெரிய விஷயம். அவசர இளைப்பில் தோழியின் உடம்பு கெட்டுப்போகும் இடமும் நியாயமான எச்சரிக்கை. அதெல்லாம் சரி.

தப்பு எங்கே என்றால், படத்துக்கு இரண்டே வழிதான் தெரிகிறது. ஒன்று, ஏமாற்றுக்கார கிளினிக். இல்லையா, 'நான் இப்படித்தான், எனக்கு இது அழகு' என்கிற தன்மானம். தன்மானம் நல்லதுதானுங்க. ஆனால், அது முட்டிவலிக்கு மருந்தாகாதே! உடல் பருமனை அழகு சமாச்சாரமாகவே பார்த்துவிட்டால், அது ஒரு நோயாகவும் இருக்கலாம் என்பது கதைக்குள் நுழையவே முடியாது.

நான் பி.காம். படித்தவன். எனக்கு ரொம்ப நாளாக ஒரே கணக்குதான். சாப்பாடு வரவு, நடை செலவு. மிச்சம் தொப்பை. 'வாயைக் கட்டு அக்கா' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

உடம்பு அப்படிக் கணக்கு எழுதுவதில்லை என்பது பிறகுதான் புரிந்தது. வரவைக் குறைத்தால் அது உஷாராகிச் செலவையும் குறைத்துக்கொள்ளும். பசியைத் தூண்டிவிட்டு, போன கிலோவைத் திருப்பிக் கேட்கும். கொழுப்புத் திசுவே லெப்டின் என்ற ஹார்மோன் வழியாக மூளையோடு பேசுகிறது என்று 1994-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பரம்பரை, தூக்கக் குறைவு, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை, ஸ்டீராய்டு மாதிரியான சில மாத்திரைகள்... எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

ஊருக்கும் பங்கு உண்டு. எங்கள் தாத்தா கமலை இறைத்துவிட்டு வந்து சோளக்களி தின்றவர். நாம் மோட்டார் சுவிட்ச் போட்டுவிட்டு வந்து அதே அளவு அரிசிச் சோறு தின்கிறோம். அப்புறம் ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று நடந்துவிட்டு, நேரே பேக்கரியில் டீ, தேங்காய் பன்!

அந்தப் படம் வந்த 2015-16-ல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவிகிதம் பேர் அதிக எடை என்றது. 2019-21-ல் அது 40.4. ஆண்கள் சிரிக்க வேண்டாம், நாம் 37. ஐந்து வருஷத்தில் இத்தனை லட்சம் பேருக்கு ஒரேயடியாகவா நாக்கு நீண்டுவிட்டது?

நம்மவர்களுக்கு எல்லைக்கோடும் வேறு. பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டாலே இங்கே பருமன் கணக்கு. ஐந்தேகால் அடி உயரத்துக்கு 64 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. இஞ்சி இடுப்பைப் பாட்டில் தேடாமல், ஒரு டெய்லர் டேப்பில் தேடுங்கள்.

வைத்தியம் இல்லாமலும் இல்லை. எடையில் 5 முதல் 10 சதவிகிதம் குறைந்தாலே பிரஷரும் சர்க்கரையும் இறங்கிவர ஆரம்பிக்கும். யாரும் சைஸ் ஜீரோ ஆகவேண்டியதில்லை. 2025-ல் மவுன்ஜாரோ, வீகோவி என்று ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. வீகோவியில் உள்ள செமாக்ளூடைடைப் பரிசோதித்தபோது, 68 வாரத்தில் சராசரியாக 15 சதவிகிதம் எடை குறைந்தது. நிறுத்தி ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. இது கல்யாணத் தேதிக்குள் போட்டு முடிக்கிற ஊசியல்ல. பிரஷர் மாத்திரை மாதிரி, டாக்டர் கண்காணிப்பில் ஓடவேண்டிய நீண்டகால வைத்தியம். பருமன் மிகவும் அதிகமானவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் உண்டு. லேப்ராஸ்கோப்பிக்குப் பேர்போன கோவையில் அதற்குத் தேடி அலையவேண்டியதில்லை. ஆனால், கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற லைப்போசக்‌ஷன் பருமனுக்கு வைத்தியமே அல்ல. விளம்பரத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும்.

அக்காவும் ஒரு 'ஸ்லிம்மிங் சென்டரில்' பெல்ட் கட்டிக்கொண்டு நின்றவள்தான். வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினாள். நாலு மாசத்தில் ஆறு கிலோ இறங்கி, எட்டு கிலோ ஏறியது. அப்போதும் நாங்கள் சிரித்தோம். அவள் குறட்டையைச் சொல்லிச் சிரித்தோம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோய் அதுவென்று போன வருஷம் ஒரு டாக்டர் சொன்னபோதுதான் வாயை மூடினோம். அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? திட்டாமல், அரைமணி நேரம் அவள் பேசுவதைக் கேட்டார்.

இவ்வளவு தெரிந்த பிறகும் அந்த ஞாயிறு நான் சிரித்தேன் பாருங்கள். அதுதான் சினிமா நமக்குச் செய்துவைத்திருக்கிற பழக்கம்.

"படம் முடிஞ்சுதா கண்ணு?" என்றாள் அக்கா.

"ஆஃப் பண்ணிட்டேங்க்கா" என்றேன்.