நைட்டுகளின் மானம்: நான்கு மரபுகளும் ஓர் உரைகல்லும்

மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளர் பொருளையும் அவரே தந்துவிட்டார். நம் வட்டத்து மூத்தவர்கள் இருக்க நான் எழுதுவது அதிகப்பிரசங்கம்தான். செயலாளர் சொல்லைத் தட்ட முடியாமல் எழுதுகிறேன்.

மரபுகளின் வரிசை உறுப்பினர்கள் அறிந்ததே. பிரெஞ்சு வீரகாவியத்தில் மானம் குலத்துக்கும் அரசனுக்கும் பட்ட கடன். உதவிக்கு ஆள் கூப்பிட்டான் என்ற பழி தன் குடும்பத்தின்மேல் விழக்கூடாதென்றே ரோலன் கொம்பை ஊத மறுத்தான். அது வீரமா வீம்பா என்று அவன் தோழன் ஆலிவர் அன்றே கேட்டுவிட்டான். காதல் காவியம் எழுதிய பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியானிடம் அளவுகோல் காதலின் கைக்குப் போயிற்று. குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏற லான்ஸ்லாட் இரண்டடி தயங்கினான். அந்த இரண்டடிக்காக அவன் காதலித்த ராணி அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெர்மன் மரபில் வோல்ஃப்ராமின் பார்சிவால், அதிகம் கேள்வி கேட்காதே என்ற உபதேசத்தைப் பிடித்துக்கொண்டு, வலியில் துடிக்கும் மன்னனிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் போனான். அவனுக்கு ஒழுங்கு தெரிந்தது, இரக்கம் தெரியவில்லை. ஆங்கில மரபில், 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட மாலரியோ, வட்ட மேசையினர் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே நாளில் எடுக்கும் சத்தியத்தை முன்வைக்கிறார்: அடைக்கலம் கேட்டவனைக் கொல்லாதே, அநியாய வழக்குக்கு வாளெடுக்காதே.

நான் பயின்றது அதே ஆங்கில மரபின் கவேன் பள்ளி. ‘சர் கவேனும் பச்சை நைட்டும்’ என்ற காவியத்துக்கு டோல்கீனும் கோர்டனும் 1925இல் வெளியிட்ட பதிப்பை மேசைமேல் வைத்துத்தான் எங்கள் ஐயா வகுப்பைத் தொடங்குவார். வாள்வீச்சைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. “மூன்றாம் நாள் கணக்கைப் பார்” என்பார். வீட்டுக்காரனுக்கு வேட்டையிலும் கவேனுக்கு வீட்டுக்காரியிடமும் அன்றன்று கிடைத்ததை மாலையில் ஒருவருக்கொருவர் கொடுத்துவிடுவது என்பது வீட்டுக்காரனுக்கும் விருந்தாளியான கவேனுக்கும் உடன்பாடு. முதல் நாள் மானுக்கு ஒரு முத்தம். மறுநாள் பன்றிக்கு இரண்டு. மூன்றாம் நாள் நரித்தோலுக்கு மூன்று. ஆனால் உயிரைக் காக்கும் என்று வீட்டுக்காரி தந்த பச்சைக் கச்சையைக் கவேன் மறைத்துவிட்டான். முன்பு கொடுத்த வாக்குப்படி அவன் கழுத்தை நீட்டியபோது, அந்த வீட்டுக்காரனேயான பச்சை நைட்டின் கோடரி மூன்றாம் வீச்சில் கழுத்தைக் கீறியது அதற்காகத்தான். உயிராசையால் செய்த பிழை என்று எதிராளியே பொறுத்துக்கொண்டான். ஆர்தரின் அவையோ சிரித்துவிட்டு ஆளுக்கொரு பச்சைப் பட்டை அணிந்தது. கவேன் மட்டும் தன்னை மன்னிக்கவில்லை. யாரும் காணாத இடத்திலும் சொன்ன சொல் நிற்க வேண்டும் என்பதே ஐயாவின் உரைகல்.

இன்று இலக்கிய மேடைகளில் பேசுபவர்களில் நல்லவர்கள் பலர். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் சினிமாவைப் பார்த்துவிட்டுக் கவேனைப் பற்றிப் பேசுவது பெருகிவிட்டது. ஓர் அரங்கில், கச்சை என்ற பேச்சே இல்லாமல் கதை முடிந்தது, கைதட்டலும் கிடைத்தது. இன்னொன்றில் லான்ஸ்லாட் தயங்காமல் வண்டி ஏறினான். மூலத்தைத் தொடாதவர் தலைமை தாங்குகிறார், பொன்னாடை வாங்குகிறார், அடுத்த ஆண்டு நடுவராகவும் வருகிறார். 1731இல் காட்டன் நூலகத்துத் தீயிலிருந்து தப்பிய கவேன் காவியத்தின் ஒரே கையெழுத்துப்படி நம் மேடைகளிலிருந்து தப்புமா என்பது சந்தேகமே. படிக்காததைப் படித்ததாகக் காட்டுவது கச்சையை மறைத்ததைவிடப் பெரிய குற்றம் என்பேன். கவேனுக்காவது உயிர்பயம் இருந்தது.

கவேன் காவியம் மொத்தம் 2,530 அடிகள்தாம். அடுத்த ஆண்டு விழாவில் பேச இருப்பவர்கள் அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு மேடை ஏறும்படி மூத்தவர்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.